‘இனிமேல் வராதீங்க’ என்று நான் சொன்ன வியாழக்கிழமை

கிராமத்து மருந்தகங்களுக்குப் புதிதாகப் போகவிருக்கும் தங்கைகளுக்காக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நம் சபைத் தலைவி கேட்டார். ஓய்வு பெற்றவர்களிடம் எதைக் கேட்டாலும் நாற்பது பக்கம் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் நாலு என்று முன்பே அளவு போட்டுவிட்டார். ஊசி போடுவது, புண் கட்டுவது எல்லாம் நீங்கள் கல்லூரியில் படித்து வந்தவர்கள். என்னை விட நன்றாகவே செய்வீர்கள். என் ஊசிக்குப் பயந்து காய்ச்சல் தானாக இறங்கிப்போன ஆட்களை எனக்குத் தெரியும். ஆகவே என்னிடம் ஏராளமாகக் கையிருப்பில் உள்ளதையே தருகிறேன். அதாவது, நான் செய்த தவறுகள். அவற்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

சபையின் வரலாற்றை உங்களுக்குப் பாடமாக நடத்தியிருப்பார்கள். திண்டிவனத்தில் ஒரு ஓட்டு வீடு, அதில் ஐந்து பெண்கள். ஊரில் காலரா வந்தபோது கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். அப்போது அவர்களுக்குத் துறவு உடையும் கிடையாது, சட்டப் புத்தகமும் கிடையாது. நோயாளிகள் கட்டிலில், சகோதரிகள் தரையில்; இருந்த ஒரே சட்டம் அதுதான். சட்டப் புத்தகம் பிறகு வந்தது. ஐம்பது பேர் வாழும் மடத்தை மனத்தில் வைத்து யாரோ நல்ல எண்ணத்தோடு எழுதியது. எண்பதுகளில் என்னை அனுப்பிய வீட்டில் நாங்கள் இருந்தது இரண்டு பேர்.

விழுப்புரத்திலிருந்து காணைக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, சுற்றிலும் கரும்பும், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊர். ஒரு சிற்றாலயம், ஒரு மருந்தகம், பின்னால் எங்கள் வீடு. என்னோடு இருந்தவர் பெரிய சிஸ்டர். அறுபதைத் தாண்டியவர், காது மந்தம். எங்கள் இருவரில் அவர் தலைவி, நான் குழுமம். சாப்பாட்டு வேளையில் ஒருவர் புனிதர் வரலாறு வாசிக்க மற்றவர்கள் மௌனமாகக் கேட்டபடி உண்ண வேண்டும் என்பது சட்டம். ஐம்பது பேரில் ஒருவர் வாசித்தால் சரி. இரண்டு பேரில் ஒருவர் வாசித்தால்? நான் வாசிப்பேன், அவர் உண்பார். காது கேட்காதவருக்குப் புனிதர் வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒருநாள் சோதனையாக முந்தின வாரத்துச் செய்தித்தாளை வாசித்தேன். வெண்டைக்காய் விலை வந்த இடத்தில் அவர் பக்தியோடு தலையசைத்தார். அவர் உண்டு முடித்த பிறகு நான் உட்காருவேன். சோறு ஆறியிருக்கும்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் மகிழ்வு நேரம். எல்லாரும் கூடிச் சிரித்துப் பேச வேண்டும், அதுவும் சட்டம்தான். பெரிய சிஸ்டர் ஜெபமாலை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கத்திக் கத்தி ஏதாவது வேடிக்கை சொல்வேன். மூன்றாம் முறை கத்தும்போது எனக்கே அது வேடிக்கையாகப் படாது. இருந்தாலும் எதிரில் ஒரு முகம் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. திண்டிவனத்திலிருந்து ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பதினைந்து நாளில் வேறு ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பதினைந்து நாள் என்பது எட்டு மாதமாயிற்று. குற்றம் சொல்லவில்லை. அனுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த எட்டு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரிக்கத்தான் எழுதுகிறேன். மணியை நானே அடித்துவிட்டு நானே ஓடிப்போய்ச் சிற்றாலயத்தில் உட்காருவேன். தாமதமாக வந்தால் நானே என்னை முறைத்துக்கொள்வேன். சாப்பாட்டு வேளையில் நின்றுகொண்டு ஒரு பக்கம் வாசித்துவிட்டு, உட்கார்ந்து நாலு வாய் உண்டு, மறுபடி எழுந்து வாசிப்பேன். மகிழ்வு நேரத்தில் சட்டப்படி சிரித்தேன். பால் ஊற்ற வந்த அம்மா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சிஸ்டருக்கு மூளை கலங்கிப்போச்சு என்று ஊரில் சொல்லிவிட்டார். இரண்டு நாள் எனக்கு அரைப்படி பால் கூடுதலாக வந்தது.

இதெல்லாம் பகலில் வேடிக்கை. ஆனால் சொல்லி வைக்கிறேன், தனி வீட்டுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்தில் ஆறு நாள் என் குரலை நான் மட்டுமே கேட்டேன். பொது நோயாளிகள் வருவார்கள், மாத்திரை வாங்குவார்கள், போவார்கள். அது பேச்சில்லை. வியாழக்கிழமைதான் பேச்சு.

வியாழக்கிழமை தொழுநோயாளிகளின் நாள். மருந்தகத்துக்கு வெளியே புங்க மரத்தடியில் தண்ணீர்த் தொட்டிகளை வரிசையாக வைப்போம். வந்தவர்கள் உணர்வற்ற பாதங்களை அதில் ஊற வைத்துக்கொண்டு உட்காருவார்கள். நான் ஒவ்வொருவராகக் காலைத் துடைத்து, மரத்த தோலைச் செதுக்கி, எண்ணெய் தடவி, புண் இருந்தால் கட்டிவிடுவேன். கை வேலை செய்யும், வாய் கச்சேரி நடத்தும். சொன்ன வேடிக்கைக்கு இருபது பேர் சேர்ந்து சிரித்தால் அடுத்த வியாழன் வரை எனக்கு அது தாங்கும்.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒருத்தி பூங்காவனம். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வரிசையில் முதலாவதாக வருவார், கடைசியாகப் போவார். தொட்டியில் காலை வைத்ததும், “இன்னா சிஸ்டரு, இன்னிக்கு எந்தப் பொய்?” என்று ஆரம்பிப்பார். நான் எவ்வளவு முயன்றாலும் உதட்டை இறுக்கிக்கொண்டே கேட்பார். கடைசியில், “போன வாரத்துது பரவால்ல” என்பார். அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே நான் வாரம் முழுவதும் வேடிக்கை தேடினேன். தியானத்தில் கூடத் தேடியிருக்கிறேன். கடவுள் மன்னிப்பார்.

அவர் கதை நீங்கள் போகும் ஊர்களிலும் கேட்கக்கூடியதுதான். உடம்பில் தேமல் கண்டதும் புருஷன் வீட்டில் வேண்டாம் என்றார்கள். அண்ணன் தன் நிலத்தில் பம்பு செட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொடுத்தார். அண்ணி தினமும் சோறு கொண்டுவந்து வேப்ப மரத்தடியில் வைத்துவிட்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அந்த அண்ணியைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். மழையிலும் வெயிலிலும் ஒருநாள் தவறாமல் சோறு வந்தது. ஆள் மட்டும் நின்றதில்லை. பதினெட்டு வருஷம் அப்படி.

பெரிய சிஸ்டர் இருந்த காலத்திலேயே தொழுநோய்க்குப் புதுக் கூட்டு மருந்து வந்திருந்தது. அதிலும் எனக்கு ஒரு சொதப்பல் உண்டு. மாதம் ஒருமுறை எங்கள் முன்னாலேயே விழுங்க வேண்டிய சிவப்பு மாத்திரை அது. சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் பரபரப்பில் அதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் வாசலில் ஒரு படை. “ரத்தம் ரத்தமா போவுது சிஸ்டரம்மா, நீ இன்னாத்த குடுத்த?” ஒருவர் அதற்குள் நிலத்தை மகனுக்கு எழுதி வைக்கக் கிளம்பிவிட்டிருந்தார். நல்ல மருந்தையும் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அன்று கற்றேன். கற்றேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் மருந்து முடிந்தது. விழுப்புரத்திலிருந்து டாக்டர் வந்து ஒவ்வொருவரையும் சோதித்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை மரத்தடியில் நின்று பதினோரு பேரின் பெயரைப் படித்தார். இவர்கள் உடம்பில் நோய் இல்லை என்றார். பூங்காவனம் என்று படித்தபோது அவர் தொட்டியிலிருந்து காலை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் வழக்கப்படி அவர்களுடைய சிகிச்சை அட்டைகளை வாங்கிக் கட்டி விழுப்புரத்துக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மருந்துதான் முடிந்தது, மரத்துப்போன கால் மரத்ததுதான், அதைக் கழுவிக் கட்டுவது ஆயுளுக்கும் உண்டு, அதற்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். தமிழ் சரளமாக வராதவர், ஆங்கிலத்தில் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். நான் அந்த நேரம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எந்த வீட்டிலும் விடைகொடுக்கும்போது ‘போயிட்டு வாங்க’ என்போம். ஆஸ்பத்திரியில் மட்டும் சொல்ல மாட்டோம். மறுபடி வா என்றால் மறுபடி நோய் வா என்று ஆகிவிடும். ‘நல்லபடியா போங்க’ என்று மட்டும் சொல்ல வேண்டும். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் கொண்டாட்ட நாள். அட்டைகளை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, “இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. யாராச்சும் தலைய காட்டினீங்க, நாய அவுத்து வுட்டுடுவேன்” என்றேன். மரத்தடியே சிரித்தது. எங்களிடம் நாயே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். பூங்காவனம் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் சிரிப்பதில்லை என்பதால் அது எனக்குப் புதிதாகப் படவில்லை.

அடுத்த வியாழன் அந்தப் பதினோரு பேரில் ஏழெட்டுப் பேர் கால் கட்ட வந்துவிட்டார்கள். “நாய் எங்க சிஸ்டரு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பூங்காவனம் வரவில்லை. சுகமாகிவிட்டார், இனி எதற்கு வருகிறார் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இன்னா சிஸ்டரு இன்னிக்கு எந்தப் பொய் என்று கேட்க ஆள் இல்லாமல் அந்த வியாழக்கிழமைகள் பாதி வியாழக்கிழமையாகத்தான் இருந்தன. அது என் குறை என்று நினைத்தேனே தவிர, அவருக்கு ஏதும் ஆகியிருக்கும் என்று நினைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சைக்கிள் சார் வந்தார். தொழுநோய்த் திட்டத்தில் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் நோயாளிகளைப் பார்த்துவரும் பணியாளர். நோயாளிகள் வைத்த பெயர் அது. சளசளவென்று பேசாதவர். சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே சொன்னார். பூங்காவனத்தின் வலது காலில் முள் ஏறி, புண்ணாகி, கணுக்கால் வரை வீங்கிச் சிவந்திருக்கிறது. வாடை குடிசைக்கு வெளியே வருகிறது. மருந்தகத்துக்கு வா என்று இவர் கெஞ்சியிருக்கிறார். சிஸ்டர் வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க என்று சொல்லி அந்த அம்மா மறுத்துவிட்டார்.

“தமாஷுக்குச் சொன்னதாச்சே சார்.”

“நான் சொன்னேன் சிஸ்டர். வராதன்னு சொன்ன எடத்துக்கு நான் போற பழக்கம் இல்லன்றாங்க.”

பிறகு அவர்தான் சொன்னார். அந்த அம்மா வாழ்ந்தது அப்படித்தான். புருஷன் வீட்டில் வராதே என்றார்கள், அந்தத் தெருப் பக்கம் கூட மறுபடி போனதில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு வராதே என்றார்கள், போகவில்லை. பிறகு அந்தத் தங்கச்சியே அழைத்தபோதும் போகவில்லை. ஒருமுறை சொன்னால் போதும், இரண்டாம் முறை சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கொடுக்க மாட்டார். மிச்சமிருந்த ஒரே வாசல் எங்களுடையது. அதையும் நான் லட்டு கொடுத்துச் சாத்தியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் கால் போய்விடும், அதற்கு மேல் விட்டால் ஆளே போய்விடலாம். வீக்கம் எங்கே வரை என்று கேட்டதுமே எனக்கு அது புரிந்துவிட்டது. ஆனால் துணைச் சகோதரி இல்லாமல் வெளியே போகக் கூடாது, போவதானால் அப்போதைய சபைத் தலைவியான மதரிடம் அனுமதி வாங்க வேண்டும். மதர் திண்டிவனத்தில் இருந்தார். அந்த ஊரில் அப்போது தொலைபேசி இல்லை. நான் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன்: ‘மதர், ஒரு நோயாளியைப் பார்க்க இன்று தனியாகப் போகலாமா?’ அதை வழியில் தபால் பெட்டியில் போட்டேன். போட்டபோது சைக்கிள் சாரின் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். நாலு நாளில் பதில் வந்தது: ‘போகக் கூடாது.’ கீழ்ப்படிதலில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை, வரிசைதான் கொஞ்சம் மாறிவிட்டது. உங்களுக்கு இதை முன்மாதிரியாகச் சொல்லவில்லை. எப்போது மீறலாம் என்று என்னைக் கேட்டால், மீறிய பிறகு வரும் திட்டு முழுவதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும் என்பேன்.

வெள்ளை உடுப்பும் முக்காடுமாக ஒரு சிஸ்டர் கரும்பு வயலுக்கு நடுவே சைக்கிள் கேரியரில் போவதைப் பார்த்து, களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். நான் கையசைத்தேன். அதுவரை எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. போய் ஒரு வேடிக்கை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பூங்காவனம் குடிசை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலைச் சுற்றி ஒரு பழைய புடவைத் துண்டு. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

“நாயயும் கூட இட்டாந்தியா?”

என் ஒத்திகை எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். உடனே கையை உருவிக்கொண்டார்.

“கைய வுடு. போட்டோ புடிக்கிறவங்க யாரும் வரலியே.”

வெளிநாட்டு விருந்தினர் வரும் நாளில் நாங்கள் நோயாளிகளின் கையைப் பிடித்து நிற்போம், உங்களுக்கும் தெரியும். அவர் அதையெல்லாம் கவனித்திருக்கிறார்.

“பூங்காவனம்மா, அது தமாஷு. எங்ககிட்ட நாயே இல்ல, உங்களுக்குத் தெரியும்ல.”

“தமாஷா? நான் சிரிக்கலியே.” புடவைத் துண்டை இழுத்துச் சரிசெய்தார். பிறகு காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வராதன்னு ஊரே சொல்லும். மூஞ்ச சுளிச்சிக்கினு சொல்லும், திரும்பிக்கினு சொல்லும். அது பழகிப்போச்சு. நீ ஒருத்திதான் சிரிச்சிக்கினே சொன்ன. அதத்தான் தாங்க முடில.”

தங்கைகளே, கூட்டத்தைப் பார்த்துப் பேசியவள் நான். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காது இருக்கிறது. பத்துப் பேருக்கு அது வேடிக்கை. ஒருத்திக்கு அது, வாழ்நாளெல்லாம் கேட்ட சொல்லின் கடைசித் தடவை.

சைக்கிள் சார் நடைமுறை தெரிந்தவர். அவர் ஒரு வழி சொன்னார். “சிஸ்டர், நோய் திரும்பிருச்சுன்னு புது அட்டை போட்டுடுங்க. ஆஸ்பத்திரில ஜல்தியா பெட்டும் குடுப்பாங்க, அப்புறம் வியாழக்கிழமையும் வழக்கம்போல வரலாம். யாரும் கேக்க மாட்டாங்க.”

வெட்கத்தோடு சொல்கிறேன், நான் பேனாவை எடுத்துவிட்டேன். கால் பிழைக்க வேண்டும், அவர் வர வேண்டும், ஒரு சின்னப் பொய்யில் இரண்டும் நடக்கிறது என்றால் என்ன தப்பு? அவசரத்தில் எல்லாப் பொய்யும் சின்னதாகத்தான் தெரியும்.

பூங்காவனம் மடங்கிப்போன விரல்களால் அந்தப் பேனாவின் மேல் கையை வைத்தார்.

“எழுதாத. நோவு போச்சுன்னு டாக்டரு எம்பேர சொல்லி நாலு பேரு கேக்க படிச்சாரு. அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன். முந்தாநாள் மரத்தடில சோத்த வெச்சிட்டு, கொஞ்சம் நின்னு, மழை வருமான்னு கேட்டா. பதினெட்டு வருசத்துல மொத தபா. அத அழிச்சிட்டு எனக்கு காலு எதுக்கு?”

நான் பேனாவை மூடினேன்.

“சரி, எழுதல. ஆனா வாங்க.”

“இன்னான்னு வர்றது? நோவு இல்லன்ட்ட. அட்டய வாங்கிக்கின. இப்போ இன்னான்னு சொல்லி நான் உன் வாசல்ல வந்து நிக்கறது?”

இந்தக் கேள்விக்குச் செவிலியர் புத்தகத்தில் பதில் கிடையாது. சட்டப் புத்தகத்திலும் கிடையாது. நான் யோசித்துச் சொன்னேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, யோசிக்கவே இல்லை. அத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாதது, அது பாட்டுக்கு வெளியே வந்துவிட்டது.

“நான் தனியாத்தாம்மா சாப்பிடறேன். பெரிய சிஸ்டர் போனதுலேர்ந்து எதிர்ல யாருமில்ல. நானே வாசிச்சி நானே கேட்டுக்கறேன். நீங்க வந்து எதிர்ல உக்காந்தா போதும்.”

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினேன். சைக்கிள் சார் மரியாதையாகத் திரும்பிக்கொண்டு சைக்கிள் மணியைத் துடைத்தார்.

பூங்காவனம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அட பேஜாரே,” என்றார். “உனக்கும் மரத்தடி சோறுதானா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக வாரந்தோறும் நான் பாடுபட்டு வராத சிரிப்பு, நான் அழுதபோது வந்தது. வேடிக்கைக்காரி என்று என்னை நான் நினைத்துக்கொண்டதெல்லாம் அன்றோடு சரி.

அண்ணன் வண்டி கட்டினார். வைக்கோல் பரப்பி, தானே தங்கையைத் தூக்கி உட்கார வைத்தார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், உடைந்துவிடும் பாத்திரத்தைத் தூக்குவது போலத் தூக்கினார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் என்ன நோய் என்று கேட்டார்கள். காலில் முள் குத்திய காயம் என்று எழுதச் சொன்னேன். அது முழு உண்மை. இரண்டு விரலை எடுத்தார்கள், கால் நின்றது. படுக்கைக்கு நாலு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அந்தச் சின்னப் பொய்யைச் சொல்லியிருந்தால் உடனே கிடைத்திருக்கும். காரியம் நடக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் மேல் நோயின் பெயரை எழுதாதீர்கள். நீங்கள் அதை மறந்துவிடுவீர்கள்; அவர் அதோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

கால் ஆறியதும் அவர் வந்தார். வியாழக்கிழமை இல்லை, புதன்கிழமை மதியம். மருந்தகப் பக்கம் போகாமல், மறைமாவட்டத்து ஆயரும் வெளிநாட்டாரும் வரும் முன்வாசல் வழியாக வந்தார். முதலில் காலைக் கழுவிக் கட்டுவேன். பிறகு இருவரும் உண்போம். சட்டப்படி நான் வாசிக்கவும் செய்தேன். பாலைவனத்தில் தனியாகத் தவம் செய்த ஒரு புனிதருக்குக் காக்கை தினமும் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது என்ற இடம் வந்தது. பூங்காவனம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, “எங்க அண்ணி மாதிரியா? வெச்சிட்டு பறந்துடுமா?” என்று கேட்டார். அன்றோடு வாசிப்பை நிறுத்திவிட்டோம். பேசிக்கொண்டே சாப்பிட்டோம். சில நாள் பேசாமலும் சாப்பிட்டோம். சோறு சூடாக இருந்தது.

மதர் ஒருநாள் சொல்லாமல் வந்தார். சைக்கிள் விவகாரத்துக்காக அரை மணி நேரம் நின்றபடி திட்டு வாங்கினேன். மடத்துக்குள் வெளியார் உண்ணலாமா என்று அடுத்துக் கேட்பார் என்று காத்திருந்தேன். மேசையில் எதிரெதிராக இருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தார். பிறகு சிற்றாலயத்துக்குப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து மாற்றல் கடிதம் வந்தது. உங்களுக்கும் வரும். ஒரு பெட்டி, ஒரு பை, அடுத்த பேருந்து. கடைசிப் புதன்கிழமை பூங்காவனத்திடம் சொன்னேன்.

“வர்றவ எப்படி?”

“தெரியலம்மா. நான் பார்த்ததில்ல.”

அவர் மிச்சச் சோற்றைத் தின்று முடித்துவிட்டுப் போனார். பயம் எனக்குத்தான். புதிதாக வருகிற சிஸ்டர் வாசலில் நின்று, இன்னிக்கு கிளினிக் இல்லம்மா, நாளைக்கு வாங்க என்று நல்லவிதமாகச் சொன்னால் கூடப் போதும். ஒருமுறை சொன்னால் போதும். பிறகு ஆயுளுக்கும் வர மாட்டார். எல்லாவற்றையும் விளக்கி மூன்று பக்கம் எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

திண்டிவனத்தில் முப்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து உண்டேன். வாசிக்க ஒருவர், கேட்க நாங்கள் எல்லாரும். சட்டம் ஒழுங்காக நடந்தது. அந்த முப்பது பேருக்கு நடுவில் ஒவ்வொரு புதன்கிழமையும் எனக்குச் சோறு இறங்கவில்லை. விட்டுவந்த வீட்டுக்குக் கடிதம் எழுதக் கூடாது என்பது நம் வழக்கம், நல்ல வழக்கம்தான். இல்லாவிட்டால் புதிதாக வந்தவரைப் பழையவர் நிம்மதியாக இருக்க விட மாட்டார். எனவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஆண்டுத் தியானத்துக்கு எல்லா வீடுகளிலிருந்தும் சகோதரிகள் வந்தார்கள். எனக்குப் பின் அந்த ஊருக்குப் போன சிஸ்டர் எனக்கு நேர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எட்டு நாள் முழு மௌனம். அவர் முக்காட்டின் பின்பக்கத்தை எட்டு நாள் தியானித்தேன். அந்தத் தியானத்தில் வேறு என்ன உபதேசம் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒன்பதாம் நாள் காலை மௌனம் முடிந்து மணி அடித்ததும் அவர் கையைப் பிடித்தேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. என் கடிதம் கிடைத்ததா என்றேன். எந்தக் கடிதம் என்றார். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் மேசையில் இருந்த காகிதங்களையெல்லாம் வாரிவிட்டார்களாம். பூங்காவனம்னு ஒரு அம்மா, என்று ஆரம்பித்தேன்.

“அந்தம்மாவா?” என்று அவர் சிரித்தார். “நான் போய் எறங்குன மொதப் புதன்கிழமையே முன்வாசல்ல வந்து நின்னாங்க சிஸ்டர். கால்ல கட்டு. மருந்தகம் அந்தப் பக்கம்மான்னு கைய காட்டுனேன். நவுரலயே. நேரா உள்ள வந்து சாப்பாட்டு மேசைல உக்காந்துட்டாங்க. ‘நான் நோயாளி இல்ல, விருந்தாளி. இலையப் போடு’ன்னாங்க.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“வேற என்ன பண்றது? தோட்டத்துக்குப் போய் இலை அறுத்துக்கினு வந்தேன்.”